நம்ம குரலைத் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சமுதாய வானொலியின் டிரான்ஸ்மிட்டர் அறைப் பொறுப்பாளர் பேசியது)



நம்ம வானொலியில் பேசுகிற அக்காமாரை உங்களுக்குக் குரலை வைத்தே தெரியும். என்னை யாருக்கும் தெரியாது. நான் பேசுறவ இல்லை. அவங்க பேசுறதை உங்க வீட்டுக்கு அனுப்புறவ. பின்னால் இருக்கிற சின்ன அறையில் டிரான்ஸ்மிட்டரும் பவர் ஆம்ப்ளிஃபயரும் என் பொறுப்பு. இன்றைக்கு மதியம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. புது எர்த் குழி போடவும், ஒரு உபரி ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைக்கவும், இன்னும் இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் கூட்டமைப்பு நிதியிலிருந்து பணம் ஒதுக்கலாமா என்பதுதான் அது. இது நம்ம சந்தாப் பணம். கையைத் தூக்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் பேச வந்தேன்.

முதலில், இந்த வானொலி நமக்கு எப்படிக் கிடைத்தது? காற்றில் போகும் அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பு சொன்னது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி வந்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006-இல்தான் நம்மைப் போன்ற மக்கள் அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. 2008-இல் இப்போதைய தெலங்கானாவில், மாச்னூர் என்ற ஊரில் சங்கம் ரேடியோ வந்தது. அதை நடத்துகிறவர்கள் விவசாயக் கூலி வேலை செய்யும் தலித் பெண்களின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே ஒலிப்பதிவு, மிக்சர், ஒலிபரப்பு எல்லாவற்றையும் கையில் எடுத்தது நரசம்மா என்ற பெயருடைய இரண்டு பெண்கள். அதனால் "பொம்பளைங்களுக்கு இந்த மெஷின் எல்லாம் சரிப்படுமா" என்று யாராவது கேட்டால், பதில் தெலங்கானாவிலேயே இருக்கிறது.

இப்போது பெட்டிக்கு வருவோம். மைக்கில் பேசுவது மிக்சருக்குப் போகிறது. அங்கிருந்து எக்சைட்டர் என்ற சின்னப் பெட்டிக்கு வருகிறது. அதுதான் நம்ம குரலை ரேடியோ அலையின் மேல் ஏற்றி உட்கார வைக்கிறது. ஆனால் அந்த அலைக்கு வலு கிடையாது. அது மட்டும் வெகுதூரம் எட்டாது. அதை வாங்கி 50 வாட்டாக வலுவாக்கி, கேபிள் வழியாகக் கம்பத்து உச்சியில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அனுப்புவதுதான் பவர் ஆம்ப்ளிஃபயர்.

50 வாட் என்பது பெரிய விஷயமே இல்லை. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். அதைவிடக் குறைவான சக்தியில்தான் நம்ம குரல் சுற்றுப்பட்டு கிராமங்களுக்குப் போகிறது. சமுதாய வானொலி ஆன்டெனாவில் இருந்து வெளியே போகும் பலன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அரசு விதி. பெட்டி 50 வாட் கொடுத்தாலும், ஆன்டெனா அதை வானத்துக்கும் பூமிக்கும் வீணாக்காமல் ஊர்ப் பக்கமாகக் குவித்து அனுப்பும்போது பலன் கூடும். அதனால்தான் பெட்டியின் வாட்டையும் ஆன்டெனாவின் பலனையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள்.

சென்ற வருடம் ஒரு வியாபாரி வந்து, "300 வாட் பெட்டி தர்றேன், மாவட்டம் முழுக்கக் கேட்கும்" என்றார். நம்மில் சிலருக்கும் ஆசை வந்தது. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. தென்னந்தோப்பும் கட்டடமும் மறைத்தால் மறைத்ததுதான். ஆன்டெனாவின் உயரமும் சுத்தமான கேபிளும்தான் அதிகம் உதவும். இரண்டு, எஃப்.எம். 108 மெகாஹெர்ட்சோடு முடிகிறது. அதற்கு அடுத்த இடத்தில் விமானங்களுக்கு வழிகாட்டும் சமிக்ஞைகள் போகின்றன. தரமில்லாத ஆம்ப்ளிஃபயர் நம்ம அலைவரிசையோடு நிற்காமல் வேறு இடங்களிலும் அலையைக் கக்கும். அதைத் தடுக்க நல்ல பெட்டிக்குள் ஃபில்டர் இருக்கும். உரிமத்தில் எழுதியதற்கு மேல் வாட்டை ஏற்றினால் உரிமமே போய்விடும். இருபது வருடக் குழு வேலையை ஒரு பெட்டிக்காகப் பணயம் வைக்க முடியாது.

அடுத்து, இதை நிறுவும் வரிசை. வீடு கட்டுகிற மாதிரி இதுவும் பூமியில் இருந்துதான் தொடங்கும். முதல் வேலை எர்த். குழி வெட்டி, குழாயோ தகடோ இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்ப வேண்டும். இடிதாங்கி, இரும்புக் கம்பம், கேபிளின் மேல்வலை, பெட்டியின் உடம்பு எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அந்த எர்த்தில் முடிய வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண் மின்னலை வாங்கிக்கொள்ளாது.

இரண்டாவது ஆன்டெனா. நம்ம அலைவரிசையில் ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 11 அடி. அதில் பாதி, அதாவது ஐந்தரை அடி அளவை ஒட்டித்தான் ஆன்டெனாவின் கம்பிகள் இருக்கும். ஒரு அலைவரிசைக்குச் செய்த ஆன்டெனாவை அளவு மாற்றாமல் இன்னொன்றுக்கு மாட்ட முடியாது.

மூன்றாவது கேபிள். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இருக்க வேண்டும். கூர்மையாக மடிக்கக் கூடாது. அறைக்குள் நுழைவதற்கு முன்னால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்கு வராது. உச்சியில் இருக்கும் இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்ற வேண்டும். வயரிங் வேலைக்குப் போடும் சாதாரண டேப் ஒரு வெயிலுக்கே பிரிந்துவிடும்.

நான்காவதாகத்தான் பெட்டி. சுவரில் இருந்து ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும். அது இழுக்கும் கரண்டில் நல்ல பங்கு சூடாக மாறுவதால், ஃபேன் காற்று தடையில்லாமல் போக வேண்டும். ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்ஸும் கட்டாயம். முதல் சோதனையை ஆன்டெனாவில் செய்வதில்லை. டம்மி லோடு என்று ஒன்று இருக்கிறது. வரும் சக்தியை எல்லாம் வாங்கிச் சூடாக்கி விட்டுவிடும், காற்றில் அனுப்பாது. அதில் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆன்டெனாவை மாட்ட வேண்டும்.

இதில் மனப்பாடமாக இருக்க வேண்டிய ஒரே விதி: ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் ஆன் செய்யக் கூடாது. வயலில் மடையை அடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? போக வழியில்லாத தண்ணீர் குழாயைத்தான் உடைக்கும். இங்கேயும் அதுதான். போக இடமில்லாத சக்தி திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரின் உயிரான டிரான்சிஸ்டரைச் சுடும்.

எவ்வளவு சக்தி மேலே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்ட மீட்டர் இருக்கிறது. நம்ம குழுவில் கொடுத்த கடன் திரும்பி வந்தால் சந்தோஷம். இங்கே மட்டும் கொடுத்தது திரும்பி வரக் கூடாது! எஸ்.டபிள்யூ.ஆர். என்று ஒரு எண் பார்ப்போம். அது 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு திரும்புகிறது. 2 என்றால் 11 பங்கு. 3 என்றால் கால் பங்கு. 1.5-ஐத் தாண்டினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம்.

தினசரி வேலையும் இதையொட்டித்தான். காலையில் வெளியே போய்க் கம்பத்தையும் கேபிளையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பேன். உள்ளே வந்து மின்சாரம் சீராக இருக்கிறதா என்று பார்த்து, குறைந்த வாட்டில் ஆன் செய்வேன். திரும்பி வரும் அளவு சரியாக இருந்தால்தான் படிப்படியாக 50-க்கு ஏற்றுவேன். பிறகு மணிக்கொரு தடவை நான்கு எண்களை நோட்டில் எழுதுவேன். போகும் சக்தி, திரும்பும் சக்தி, பெட்டியின் சூடு, லைன் வோல்டேஜ். குழுவில் நாம் எழுதும் சேமிப்பு லெட்ஜர் மாதிரிதான். ஒரு நாள் எண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முப்பது நாள் எண்ணை வரிசையாகப் பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நோட்டு நமக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். சென்ற ஐப்பசி மழையில், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரம். எல்லோரும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். எப்போதும் 1 வாட்டுக்குள் இருக்கும் திரும்பும் சக்தி காலை 3 வாட் காட்டியது. இரண்டு மணி நேரத்தில் 6 வாட். 50-இல் 6 என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டைத் தாண்டிவிட்டது. பெட்டிக்குள் பாதுகாப்பு இருக்கிறது, தானே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் மழை நிற்காதபோது அதையே நம்பி ஓட்ட முடியாது. 20 வாட்டுக்கு இறக்கினேன். "பழுது பார்க்க நிறுத்துகிறோம்" என்று அறிவிப்புக் கொடுக்கச் சொல்லிவிட்டு அணைத்தேன்.

இரண்டு நாள் வானொலி ஊமையாக இருந்தது. எத்தனை போன்! "இந்த நேரத்துலயா நிறுத்துவ? உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வயல் தண்ணீரில் நின்றது. காப்பீட்டுச் செய்தியை ஊக்குநர்கள் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னார்கள். மழை விட்டதும் கம்பத்தில் ஆள் ஏறிப் பார்த்தபோது, உச்சி இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. நிறுவியவர்கள் அங்கே சுற்றியிருந்தது சாதாரண வயரிங் டேப். நனைந்த துண்டை வெட்டி, புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றினோம். மீட்டர் பழையபடி 1 வாட்டுக்குள் வந்தது. செலவு ஒரு கனெக்டர், ஒரு சுருள் டேப், ஏறியவர் கூலி. அன்றைக்கு நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் ஆம்ப்ளிஃபயர் போயிருக்கும். உபரிப் பெட்டி இல்லாத நமக்கு, அது பழுது பார்த்துத் திரும்பி வரும்வரை, மழைக்காலம் முழுக்க வானொலி இருந்திருக்காது.

உயிர் சம்பந்தப்பட்ட சில வார்த்தைகளும் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஆள் ஏறும்போது டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்க வேண்டும், பிளக் பிடுங்கியிருக்க வேண்டும், அறைச் சாவி ஏறுகிறவர் பையில் இருக்க வேண்டும். ஓடுகிற ஆன்டெனாவைத் தொட்டால் ரேடியோ சக்தியே தோலைச் சுடும். மேகம் கறுத்தால் யாரும் ஏறக் கூடாது. பெல்ட் இல்லாமல் ஏறக் கூடாது. மின்னல் நெருங்கினால் ஒலிபரப்பை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அணைத்த பெட்டியிலும் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும். அதனால் மூடியைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கு மட்டும்தான்.

இனித் தீர்மானத்துக்கு வருகிறேன். இப்போதைய எர்த் குழி கோடையில் காய்ந்துபோகிறது. அளந்து பார்த்தபோது போன வருடத்தைவிட மோசமாக இருந்தது. இடி விழுந்தால் பெட்டி தாங்காது. புதுக் குழி அதற்குத்தான். உபரி ஆம்ப்ளிஃபயர் இருந்தால், ஒன்று பழுதானாலும் அன்று மாலையே மாற்றி மாட்டலாம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இந்த அறையைப் பார்த்துக்கொள்ள இன்றைக்கு நான் ஒருத்திதான். எனக்குக் காய்ச்சல் வந்தால், மகளுக்குப் பிரசவம் என்றால், மீட்டரைப் பார்க்க ஆள் இல்லை. ஒரே ஆள் கையில் கணக்கு இருக்கக் கூடாது என்று குழு ஆரம்பித்த நாளிலிருந்து சொல்கிறோம். வானொலிக்கும் அதே நியாயம்தான்.

செலவு அதிகம் என்று நினைப்பவர்கள் கேள்வி கேளுங்கள். நோட்டை எடுத்து வந்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பத்தாவது படித்திருந்தால் போதும், எண்களை ஒழுங்காக எழுதும் பொறுமை இருந்தால் போதும், பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாம். உங்க மகள், மருமகள் யாராக இருந்தாலும் அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்த இரண்டு பேரும் தனியாக ஆன் செய்து, தனியாக நிறுத்தக் கற்றிருக்க வேண்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.