ஒரே கித்தார், இரண்டு கைகள்



ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிச்சு, பெங்களூர் ராக் கச்சேரிக்குப் பஸ் பிடிச்ச கூட்டம் நாம். ப்ளூஸ் கித்தாரில் யார் பெரியவர் என்ற சண்டை நமக்குள் இன்னும் ஓயவில்லை. லண்டன் பீட்டர் கிரீனா, பெல்ஃபாஸ்ட் கேரி மூரா?

கிரீனின் 1959-ஆம் வருட லெஸ் பால் கித்தார் 1970-களில் மூர் கைக்குப் போனது. கிரீன் ஒரு சுரத்தை நீட்டி, நிறுத்தி, மௌனத்தைப் பேச வைப்பார். மூர் அதே கம்பிகளைக் கதற வைப்பார். 1995-இல் கிரீனின் பாட்டுகளையே அதே கித்தாரில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அதிலும் ஒலிப்பது மூரின் கைதான்.

லேத் ஒண்ணுதான், ஆள் மாறினால் ஃபினிஷ் காட்டிக் கொடுத்துடும், இல்லையா? என் ஓட்டு கிரீனுக்கு. நீங்க சண்டைக்கு வரலாம்.