தோல் போர்த்திய கோவில்

(அரிமளத்தில் நடந்த வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க ஊர்த் தேர் எங்க தெருவுக்குள்ள வந்து நான் பார்த்ததில்ல. முக்கு வரைக்கும் வரும், திரும்பிடும். வடம் பிடிக்கிற சத்தம் மட்டும் எங்க வாசலுக்குக் கேட்கும். நகரத் தெரிஞ்ச சாமிக்கும் சேரி எட்டாத தூரம். இந்தக் கசப்போடுதான் யாத்திராகமத்தை வாசித்தேன்.

எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த சனம் தப்பித்துப் பாலைவனத்துக்கு வருகிறது. அங்கே செய்துகொண்டதுதான் ஆசரிப்புக் கூடாரம். எபிரேயத்தில் மிஷ்கான், குடியிருக்கும் இடம். இந்தப் பகுதிகளை எருசலேம் கோவில் இடிந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தை ஒட்டிக் குருமார்கள் எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் இது மண்ணை இழந்தவர்களின் ஞாபகம். இருக்க இடமில்லாதவனுக்குக் கூடவே நடக்கிற சாமி தேவைப்பட்டது.

அதை எதால் கட்டினார்கள் என்று பாருங்கள். 48 பலகைகள். அடியில் வெள்ளிப் பாதங்கள். மேலே 11 ஆட்டுமயிர்த் திரைகள், அதன்மேல் சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத்தோல், அதற்கும் மேல் இன்னொரு தோல். கோவிலுக்குக் கூரை தோல்! தோலைத் தொட்டவன் தீட்டு என்று சொல்லி நம்மை ஊருக்கு வெளியே வைத்த நாட்டில் இதைப் படிக்கிறபோது எனக்குக் கை நடுங்கியது. வேலை செய்த பெசலெயேல், அகோலியாப் என்ற கைவினைஞர்களின் பெயர் வேதத்திலேயே நிற்கிறது. நம்ம கோவில்களுக்குக் கல் சுமந்தவன் பெயர் எங்கே இருக்கு?

வெள்ளிப் பாதங்கள் எப்படி வந்தன? தலைக்கு அரைச் சேக்கல். பணக்காரன் கூடக் கொடுக்கக்கூடாது, ஏழை குறைக்கக்கூடாது. கூடாரம் அந்தச் சமப்பங்கின் மேல் நின்றது. உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டி முதல் மரியாதை வாங்குகிற கோவில் அல்ல அது.

இதோடு நிறுத்தினால் நான் பிரசங்கி ஆகிவிடுவேன். அந்தக் கணக்கில் இருபது வயசுக்கு மேற்பட்ட ஆண்கள்தான் உண்டு. ஆட்டுமயிரைத் திரித்துக் கொடுத்த பெண்கள் கணக்கில் இல்லை. பரிசுத்தப் பொருட்களைத் தோளில் சுமக்கிற கோகாத்தியர் அவற்றைத் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. மீறினால் சாவு. அவர்கள் தாழ்த்தப்பட்டவர்கள் அல்ல, லேவியர்கள்தான். ஆனாலும் சுமக்கலாம், தொடக்கூடாது என்கிற சட்டம் நமக்குப் பழகின சட்டமா இல்லையா? பிறகு சாலொமோன் கல்லில் கோவில் கட்டியபோது 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்தான். எகிப்து திரும்பி வந்துவிட்டது.

நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வாரிசுகளான யூதர்களை உள்ளே சமமாக உட்கார விடவில்லை, முன்கூடத்தில்தான் இடம். எகிப்திலிருந்து விடுதலையான கதையை ஆண்டுதோறும் பஸ்காவில் சொல்கிற சமூகம் இது! அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் சத்தியாக்கிரகம் பண்ணித்தான் அந்தத் தடை தளர்ந்தது.

நம்ம மாவட்டத்தில் 2022 டிசம்பரில் இறையூர் அய்யனார் கோவிலுக்குள் நம் சனங்க மாவட்ட ஆட்சியரோடுதான் போக முடிந்தது. கண்டதேவித் தேர் வடத்தை எல்லாரும் பிடிக்கலாம் என்று 1998இல் நீதிமன்றம் சொல்லியும், பல வருசம் நின்று கிடந்து 2024 ஜூனில் போலீஸ் காவலோடு ஓடியது. கோவில் நுழைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உரிமை, விடக்கூடாது. ஆனால் 1930இல் நாசிக் காலாராம் கோவில் வாசலில் போராட்டம் தொடங்கிய அம்பேத்கர், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். வெளியேறியவன் எதைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்பது அடுத்த கேள்வி. நாம் கட்டுகிற சங்கத்திலும் இயக்கத்திலும் யார் சுமக்கிறது, யார் தொடுகிறது, யாருக்குக் கணக்கில் இடம்?

இந்தக் கூட்டத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வசூல் பண்ணினோம். எல்லாருக்கும் ஒரே தொகை, நல்லது. ஆனா காலையிலிருந்து பின்னால டீ போட்டுக்கிட்டிருக்கிற அக்காக்களை யாரும் உள்ள வந்து உட்காரச் சொல்லல. அவங்க வரட்டும். அப்புறம் விவாதத்தைத் தொடங்குவோம்.