வீடு ஏலம் போதலும் அதனைத் தடுக்கும் வழியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியமே பேசிவந்த யாம் இன்று கடனையும் ஏலத்தையும் பற்றிப் பேச எழுந்தமை சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். தமிழ்ப் பண்டிதனுக்கும் பாங்கிக்கும் என்ன உறவு என்று நம் செயலாளர் அவர்களும் நகைத்தார்கள். உறவு உண்டு. எமது பன்னிரண்டாம் வயதில் யாம் பிறந்த வீடு ஏலத்திற் போயிற்று.

எந்தையார் ஒரு சிறு கடை வைத்திருந்தார். அக்கடைக்காக வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கினார். கடை நொடித்தது, தவணை தவறியது. கடன் கொடுத்தவரிடமிருந்து வந்த கடிதங்களை அவர் உறை பிரியாமலே நெற்குதிருக்குப் பின்னே செருகி வைத்தார். அன்னையாருக்கும் தெரியாது, சுற்றத்தாருக்கும் தெரியாது. அமீனா வந்து தெருவில் பறை அறைந்த அன்றே எல்லார்க்கும் தெரிந்தது. ஏலத்தன்று கேட்பார் ஒருவரும் இலர். உறவினர் பழிக்கு அஞ்சினர். அயலார் அந்த விலைக்கு அவ்வீடு தகாது என்றனர். கடன் கொடுத்தவரே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். எடுத்தவர்தாமும் இன்புற்றாரோ எனின், இல்லை. விற்கவும் இயலாமல், குடியிருக்கவும் மனமில்லாமல், ஏழாண்டு பூட்டியே வைத்தார். ஓடு சரிந்தது, சுவரில் அரசு முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டை விற்க முயன்றபோது, பாழ்வீட்டை அடுத்த வீடு என்று அதற்கும் விலை குறைந்தது. எங்கள் வீடு போனமையால் மூவர் கெட்டனர் என்பதை அன்று யாம் அறிந்திலேம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அண்மைக்கால வரலாற்றை வாசித்தபோதே அஃது எமக்கு விளங்கிற்று.

அந்நாட்டில் 2006-ஆம் ஆண்டு வரை வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது. ஏறும் விலை இறங்காது என்று நம்பிய பாங்கியார், வாங்குவோரின் வருவாயைச் செவ்வனே விசாரியாமலே கடன் கொடுத்தனர். அக்கடன்களுள் ஒருவகை மிகக் கொடியது. முதல் இரண்டாண்டுகளுக்கு வட்டி குறைவு. அதன்பின் ஆறு திங்களுக்கு ஒருமுறை வட்டி மாறும். மாறுவது பெரும்பாலும் ஏறுவதே. வட்டி ஏறுமுன் வீட்டை விற்றுவிடலாம், அன்றேல் வேறு கடன் வாங்கி இதனைத் தீர்த்துவிடலாம் என்று வாங்கினோர்க்குச் சொல்லப்பட்டது. விலை ஏறுங்காறும் அச்சொல் பலித்தது.

இதனினும் வியப்பானது ஒன்று கேளுங்கள். கடன் கொடுத்தவர் அப்பத்திரத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒருங்கு சேர்த்து, அவற்றின்மேல் பங்குச்சீட்டுகளை ஆக்கி, உலகமெங்கும் விற்றனர். கடனாளி திருப்பித் தருவானோ என்னும் கவலை கொடுத்தவனை விட்டு நீங்கியது. கடனாளிக்கோ தனக்குக் கடன் கொடுத்தவன் யாவன் என்பதே தெரியாதாயிற்று. நம் ஊரில் கடன் கொடுத்தவர் திண்ணையில் வந்து அமர்வார், ஏசுவார், ஆயினும் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லலாம். அங்கு அவ்வாறு சொல்லுதற்கு முகம் ஒன்று இல்லை. 2007 அக்டோபரில் கிளீவ்லண்டு நகரில் அமர்ந்த கூட்டாட்சி நீதிபதி ஒருவர் வீட்டைப் பறிக்க வந்த வழக்குகளில் பதினான்கைத் தள்ளுபடி செய்தார். வழக்கிட்ட பாங்கி அக்கடன்கள் வழக்கிட்ட நாளில் தன்னுடையவை என்று காட்ட இயலாமையே காரணம்.

விலை இறங்கத் தொடங்கியது. நாடு முழுதும் வீட்டு விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது; லாஸ் வேகாஸ் நகரில் பாதிக்கு மேல். வீட்டின் விலையினும் கடன் மிகுதியாய் நின்ற குடும்பங்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரும் நிறுவனம் கவிழ்ந்தது. 2010-ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 29 இலட்சம் வீடுகளின்மேல் பறிமுதல் நடவடிக்கை தொடங்கியோ நடந்தோ இருந்தது.

கிளீவ்லண்டில் ஸ்லாவிக் வில்லேஜ் என்றொரு பகுதி உண்டு. ஆலைத் தொழிலாளர் தலைமுறையாக வாழ்ந்த மரவீடுகள் அங்கே வரிசை வரிசையாக வெறுமையாயின. ஆளில்லா வீட்டில் இரவில் புகுந்தோர் செப்புக் குழாய்களைப் பெயர்த்துச் சென்றனர். நீர் கசிந்து தளம் அழுகியது. தவணை ஒன்றும் தவறாத அயல்வீட்டாரின் சொத்தும் விலையிழந்தது. ஒரு வீடு ஏலம் போக விலை இறங்கும். விலை இறங்க, கடன் மிகுந்த மற்றொருவனும் விற்கவொண்ணாமல் தவறுவான். அவன் வீடும் ஏலம் போகும். இச்சுழல் தானே நில்லாது. வாங்குவாரின்றி நின்ற பாழ்வீடுகளை ஏற்று இடிக்கவும் பழுது பார்க்கவும் 2009-இல் அக்கவுண்டியில் நிலப்பாங்கி ஒன்று நிறுவினர். நல்ல செயலே, எனினும் நோய் முற்றியபின் செய்த சிகிச்சை.

முற்றுமுன் செய்யத்தக்கது யாது? இக்கேள்விக்கு அந்நாட்டாரே முன்னொருமுறை விடை கண்டிருந்தனர்.

1933-ஆம் ஆண்டு, பெருமந்தக் காலம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிக்கப்பட்டன. அயோவா மாநிலத்து லெ மார்ஸ் என்னும் ஊரில், இனி நிலப் பறிமுதல் உத்தரவு இடுவதில்லை என்று வாக்களிக்க மறுத்த நீதிபதியை உழவர்கள் நியாயஸ்தலத்தினின்று இழுத்துச் சென்று கழுத்தில் கயிறிட்டனர். உயிர் போகவில்லை, ஆயினும் நாடு நடுங்கிற்று. மினசோட்டா மாநிலத்தார் வேறு வழி கண்டனர். வீட்டை மீட்கும் கெடுவை நியாயஸ்தலம் நீட்டலாம். கெடு நீளுங்காறும் கடனாளி நியாயமான வாடகை செலுத்தவேண்டும் என்று சட்டம் செய்தனர். ஒப்பந்தத்தை முறிக்கும் சட்டம் இது என்று கடன் கொடுத்தோர் வாதிட்டும், 1934-இல் அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் அச்சட்டத்தை ஏற்றது. கடனைத் துடைத்தலன்று அது. மூச்சுவிட நேரம் தருதலே.

1933 ஜூன் மாதம் ரூஸ்வெல்ட் அரசாங்கம் வீட்டுடைமையாளர் கடன் கழகத்தை நிறுவிற்று. அக்காலத்து வீட்டுக்கடன் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாண்டுக் கெடுவுடையது. கெடு முடிவில் பெருந்தொகையை ஒருங்கே கட்டவேண்டும், அன்றேல் புதுக்கடன் வாங்கவேண்டும். மந்தத்தில் புதுக்கடன் கொடுப்பார் இலர். கழகமோ பழைய கடனைக் கொடுத்தவரிடமிருந்து தானே வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக அரசாங்கப் பொறுப்புடைய பத்திரங்களைக் கொடுத்தது. கடனாளிக்குப் பதினைந்தாண்டுத் தவணை. நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதந்தோறும் வட்டியோடு முதலும் சிறிது சிறிதாகத் தீரும். மனுச் செய்தோர் ஏறத்தாழ 19 இலட்சம். கடன் பெற்றோர் 10 இலட்சத்துக்கு மேல். தொகை 300 கோடி டாலருக்கு மேல். கடன் பெற்றோர் சராசரி ஈராண்டு நிலுவையில் நின்றவர்கள் என்பதை நினைவிற் கொள்க. அவர்களுள் ஐவரில் ஒருவர் வீட்டை இறுதியில் இழக்கத்தான் செய்தனர், நால்வர் காத்துக்கொண்டனர். பறித்த வீடுகளையும் கழகம் ஒருங்கே சந்தையிற் கொட்டாமல் பழுது பார்த்துப் படிப்படியாய் விற்றது. 1951-இல் கணக்கை முடித்தபோது நட்டமின்றிச் சிறிது மிச்சமும் இருந்தது.

அக்கழகத்துக்கு ஒரு மறுவும் உண்டு. கடன் கொடுத்தல் பெரும்பாலும் முடிந்த காலத்தில், இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு அது படம் வரைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் கடனுக்கு ஆகாதன என்று அப்படங்களிற் சிவப்பு மை பெற்றன. பிறப்பைக் கொண்டு ஒரு தெருவைத் தள்ளுதல் யாது என்பது நம் நாட்டார்க்குச் சொல்லித் தெரியவேண்டுவதன்று. 2000-க்குப் பின் கொடிய வட்டிக் கடன்களை விற்றோர் பெரிதும் நாடிச் சென்றது அத்தகைய தெருக்களையே.

இனி 2009-க்கு வருவோம். முந்திய ஆண்டு பாங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் வரை செலவிட அனுமதி அளித்தாயிற்று. வீட்டாரைக் காக்க ஒபாமா அரசாங்கம் ஒரு திட்டம் வகுத்தது. மாதத் தவணையை வருவாயில் நூற்றுக்கு 31 பங்காகக் குறைத்து, 30 முதல் 40 இலட்சம் குடும்பங்களைக் காப்பது நோக்கம். 1933-இல் அரசாங்கம் கடனையே வாங்கிற்று. 2009-இலோ கடன் வசூலிக்கும் நிறுவனங்களுக்குச் சன்மானம் தந்து, நீங்களே திருத்துங்கள் என்றது. அந்நிறுவனங்களுக்கு வசூல் தெரியுமேயன்றி விசாரணை தெரியாது. அனுப்பிய காகிதம் வரவில்லை என்பர். மீண்டும் அனுப்பச் சொல்வர். மூன்று மாதப் பரீட்சைக் காலம் என்றது பலர்க்கு ஓராண்டாயிற்று. முடிவில் தகுதி இல்லை என்பர். 2010 முடிவில் நிலையான திருத்தம் பெற்றோர் ஆறு இலட்சத்துக்கும் குறைவு. அவ்வாண்டிலேயே, வீட்டைப் பறிக்கும் பிரமாணப் பத்திரங்களில் பாங்கிச் சிப்பந்திகள் வாசியாமலே நூற்றுக்கணக்காய்க் கையெழுத்திட்ட செய்தி வெளிவந்தது. பாடத்தை வாசியாமல் ஒப்பிக்கும் மாணாக்கனை யாம் பெஞ்சின்மேல் ஏற்றுவோம்; அங்கு 2012-இல் ஐந்து பெரும் பாங்கிகள் 2,500 கோடி டாலருக்கு உடன்பட்டு வழக்கை முடித்தன.

ஆயினும் ஒரு நகரம் வழி காட்டியது, பிலடெல்பியா. 2008-இல் நகரசபையார் ஏலத்தை நிறுத்துமாறு கேட்க, ஷெரீப் ஏப்ரல் மாத ஏலத்தை நிறுத்தினார். நியாயஸ்தலம் ஒரு விதி செய்தது: உடையவர் குடியிருக்கும் வீடாயின், அவரும் கடன் கொடுத்தவரின் வக்கீலும் நேரில் அமர்ந்து பேசிய பின்னரே ஏலம். நீதிபதி அனெட் ரிஸ்ஸோ அம்மையார் இதனை நடத்தினார். வீட்டாருக்குக் கடன் ஆலோசகர் ஒருவரும் துணை. இவற்றினும் எம்மைக் கவர்ந்தது வேறு. கடிதம் அனுப்பினால் உறை பிரிக்கமாட்டார்கள் என்று அந்நகரத்தார் அறிந்திருந்தனர். ஆதலின் அப்பகுதிச் சங்கத்தார் வீடு வீடாய்ச் சென்று கதவைத் தட்டி, இன்ன நாளில் வாருங்கள் என்று அழைத்தனர். பின்னர் வேறு பல நகரங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. கடனைப் புதுக்கி எழுதினால் கொடுத்தவனுக்கும் ஏலத்தினும் மிகுதி கிடைக்கும் என்பது நேரில் அமர்ந்து கணக்குப் பார்த்தாலன்றி எவர்க்கும் தோன்றுவதில்லை. எம் வீட்டை எடுத்தவர் எந்தையாரோடு அரைநாள் அமர்ந்திருப்பாராயின், ஏழாண்டு பாழ்ச்சுவரைக் காத்திருக்க வேண்டியிராது.

நம் நாட்டு நிலையைச் சுருங்கச் சொல்வோம். 1938-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை உழவர் கடன் நிவாரணச் சட்டம் செய்ததும் அதே பெருமந்தத்தின் விளைவே. இன்று வீட்டுக்கடன் பெரும்பாலும் பாங்கிக் கடன்; ஆளுவது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் ஆகும். பின்பு 60 நாள் கெடுவிட்டு அறிவிப்பு வரும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் பாங்கி 15 நாளில் காரணத்தோடு விடை தரவேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நியாயஸ்தலத்துக்குப் போகாமலே பாங்கி ஏலம் விடும் அதிகாரம் பெற்றது இச்சட்டத்தால். ஆதலின் நாட்கணக்கே கடனாளியின் துணை. உறை பிரியாத கடிதத்துக்குள் அந்நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் சங்கத்தில் மணவினைக்கு நிதி உண்டு. படிப்புக்கு நிதி உண்டு. வீட்டுக் கடனுக்கு நிதி வேண்டும் என்று யாம் கேட்கவில்லை. அது நம் ஆற்றலுக்கு மேற்பட்டது. ஆனால் பாங்கி வாயிலுக்கு ஒருவர் தனியே போவதற்கும், இரு பெரியோர் உடன்போதற்கும் வேற்றுமை உண்டு. ஓய்வு பெற்ற பாங்கி அலுவலர் இருவர் நம் அங்கத்தினருள் உளர், அவர்களும் இசைந்துள்ளார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் யாம் மூவரும் இருப்போம். பெயர் பதியமாட்டோம். கடிதத்தை மாத்திரம் கொண்டு வாருங்கள். பிரித்திருக்க வேண்டுவதில்லை, யாமே பிரித்து வாசிக்கிறோம்.