காற்றாலை கட்டிய பள்ளிக்கூடம்



பருவநிலை மாற்றம் பற்றிப் பேச வல்லுநர்களைப் பள்ளிக்கு அழைக்கிறோம். ஒரு மணி நேர உரை, பொன்னாடை, நன்றியுரை. மறுநாள் பிள்ளைகளிடம் என்ன மிஞ்சுகிறது?

டென்மார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் அந்நாடு திண்டாடியது. அணு உலை வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. வேறு வழியும் உண்டென்று காட்ட, உல்ஃபோர்க் ஊரருகே ட்வின்ட் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் 1975இல் பெரிய காற்றாலை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் தங்கள் சம்பளப் பணத்தைப் போட்டார்கள். தன்னார்வலர்கள் திரண்டு வந்தார்கள். பொறியியல் வல்லுநர்கள் ஆலோசனை சொன்னார்கள். 1978இல் அது சுழன்றது. அதன் இறக்கை நுட்பம் பின்னர் டென்மார்க்கின் காற்றாலைத் தொழிலுக்கும் உதவியது. பள்ளி நிர்வாகத்தார் பிற்காலத்தில் வழக்குகளைச் சந்தித்தது வேறு கதை. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

வல்லுநர்கள் அங்கே மேடையில் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலையில் கேள்வி பிறந்தது. பதில் சொல்ல அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

நாம் காற்றாலை கட்ட வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலையில் வேலை பார்த்தவரோ, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவரோ மாதம் ஒருமுறை பள்ளிக்கு வரட்டும். பிள்ளைகளே மீட்டரைப் பார்த்து, யூனிட் கணக்கைக் கரும்பலகையில் எழுதட்டும். ஆளில்லாத வகுப்பில் ஓடும் மின்விசிறியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த மாதம் யூனிட் குறைந்தால், அந்தப் பாடம் மறக்காது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அப்படி ஒருவரை அழைத்து வாருங்கள்.