இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருந்தியல் படித்தவள் என்பதால் புதிய மருந்துகளைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் பழைய மருந்துகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரு புதிய மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஏற்கெனவே பாவனையில் உள்ள மருந்தென்றால், அதன் அளவும் பக்கவிளைவுகளும் ஓரளவு தெரிந்தவை. அது வேறொரு நோய்க்கும் உதவுமானால் பாதிவழி கடந்தாயிற்று. அரிய நோயுள்ள சிலருக்காக மட்டும் மருந்து செய்யக் கம்பனிகள் இலகுவில் முன்வருவதில்லை. அவர்களுக்குப் பல வேளைகளில் இதுவே நம்பிக்கை.

இந்தப் புதுப் பயனை எங்கே தேடுவது? நூலகத்திலும் தேடலாம் என்று காட்டியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் டொன் சுவான்சன். அவர் வைத்தியர் அல்லர். பௌதிகவியல் படித்து, நூலகவியல் துறைக்கு வந்தவர்.

குளிர் பட்டதும் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் ஒன்றுண்டு. அதனை றேனோ நோய் என்பர். இந்நோயாளர் சிலரின் குருதி தடித்திருப்பதாகவும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதாகவும் சில கட்டுரைகள் கூறின. மீனெண்ணெய் அந்தத் தடிப்பையும் ஒட்டுதலையும் குறைப்பதாக வேறு கட்டுரைகள் கூறின. முதலாவது கூட்டத்தார் இரண்டாவது கூட்டத்தாரை வாசிக்கவில்லை. இரண்டையும் வாசித்த சுவான்சன், மீனெண்ணெய் இந்நோய்க்கு உதவக்கூடும் என்று 1986இல் எழுதினார். 1989இல் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனை, வேறு நோயின் விளைவாக அல்லாமல் தானாகவே றேனோ நோய் வந்தவர்களுக்கு அது பயன் தந்ததாகக் கூறியது. 1988இல் அவர் ஒற்றைத் தலையிடிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே, எவரும் கவனியாதிருந்த பதினொரு தொடர்புகளை எடுத்துக்காட்டினார்.

இன்று மருத்துவக் கட்டுரைகளின் ஒரு தரவுத்தளத்தில் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. எந்த மனிதராலும் அவற்றை வாசித்து முடிக்க இயலாது. ஆகவே கணினி வாசிக்கிறது. 2020 பெப்ரவரியில், லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவ்வாறு தேடி, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் பரிசிட்டினிப் என்ற மருந்து கோவிட் நோயாளருக்கு உதவலாம் என்று எழுதினர். பரிசோதனைகள் நடந்தன. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், கடுமையான கோவிட் நோயாளருக்கு அம்மருந்தை வலுவாகப் பரிந்துரைத்தது.

ஆனால் இதே காலத்தில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற பழைய மருந்தும் பெரும் பேச்சுக்குள்ளானது. பெரிய பரிசோதனைகளில் அது மருத்துவமனையில் இருந்த கோவிட் நோயாளருக்குப் பயன் தரவில்லை. கட்டுரைகளின் தொடர்பு கேள்வியைத் தரும். விடையைப் பரிசோதனைதான் தரும். கைத்தொலைபேசியில் வந்த செய்தியை நம்பி வீட்டில் மருந்து மாற்றும் தாய்மாருக்கும் அக்காமாருக்கும் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

தங்கைமாரே, உயர்தரத்தில் உங்களைக் கலை, வர்த்தகம், உயிரியல், கணிதம் என்று பிரித்து இருத்துவார்கள். பரீட்சைக்கு அது தேவை. வாசிப்புக்கு அந்தச் சுவர் தேவையில்லை. றேனோ நோயாளருக்கான விடை இரண்டு அலுமாரிகளில் பாதி பாதியாகக் கிடந்தது; இரண்டையும் திறந்தவர் கையில் அது கிடைத்தது.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்கும் வாயிலுக்கும் ஒதுக்குவதுபோல் நூலகத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம். நல்ல நூல்களும் இணைய வசதியும், எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வாசிக்க ஒரு நீண்ட மேசையும் போதும். எந்தப் பிள்ளை எந்த இரண்டு பக்கங்களை இணைப்பாள் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அவள் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பக்கங்கள் இருக்க வேண்டும். அதைச் செய்ய எங்களால் முடியும்.