ஐந்து வருடக் குளிசையும் வீட்டாரின் கடமையும்

 

வல்ல நாயன் அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பம் செய்கின்றேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் நமது மிம்பர்களில் அதிகம் பேசப்படாத ஒன்றாகும். மார்பகப் புற்றுநோய்க்கான சத்திர சிகிச்சை முடிந்து, இரசாயன சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் முடிந்து, உதிர்ந்த தலைமுடியும் மீண்டும் முளைத்து, "அல்ஹம்துலில்லாஹ், உம்மாவுக்குச் சுகமாகிவிட்டது" என்று வீட்டார் பெருமூச்சு விட்ட பின்னர் ஆரம்பமாகின்ற ஒரு நீண்ட சோதனையைப் பற்றியதே அது. தினமும் ஒரு சின்னஞ்சிறு குளிசை. ஐந்து வருடங்கள், சிலருக்குப் பத்து வருடங்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். விழுங்குகின்ற பெண்ணுக்கே அதன் பாரம் தெரியும்.

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவாகும். பதுளை, வெலிமடை, குருத்தலாவை, பண்டாரவளை என்று நமது ஊர்களிலும், பசறை, ஹாலிஎல, நமுனுகுல, ஹப்புத்தளை தோட்டங்களிலும் இந்நோயைச் சந்தித்த குடும்பங்கள் இருக்கின்றன. கிளினிக் நாளில் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியின் வாங்குகளில் அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால், அபாயா அணிந்த தாயும் கொழுந்து பறிக்கும் தாயும் அருகருகே ஒரே வகைக் குளிசைக்காகக் காத்திருப்பதைக் காணலாம்.

இக்குளிசை என்ன செய்கின்றது? மார்பகப் புற்றுநோய்களுள் பத்தில் ஏழு அளவிலானவை ஈஸ்ட்ரஜன் எனும் பெண் ஓமோனைத் தீனியாகக் கொண்டு வளர்பவை. டமொக்சிபென் எனும் மருந்து அந்த ஓமோன் கலங்களோடு சேர்ந்துவிடாமல் வாசலை அடைத்துக்கொள்கின்றது. மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை உடலில் அந்த ஓமோன் உற்பத்தியாவதையே வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. டமொக்சிபென் 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கருத்தடை மருந்தைத் தேடிய ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டதாகும். அவர்கள் தேடியதற்கு அது உதவவில்லை; தேடாத ஒன்றுக்கு அல்லாஹ் அதனை உதவியாக்கினான். பல்லாயிரம் பெண்களின் விபரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான ஆய்வொன்று, ஓமோனால் வளரும் இவ்வகை நோயுள்ளவர்களில் ஐந்து வருடங்கள் டமொக்சிபென் உட்கொண்டோரிடையே, பதினைந்து வருட காலத்தில் இந்நோயினாலான மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருப்பதைக் காட்டியது. சின்னக் குளிசைதான், ஆனால் அது ஓர் உயிரின் விடயம்.

எனினும், கணிசமான பெண்கள் இதனை இடைநடுவில் நிறுத்திவிடுகின்றார்கள். இது நமது ஊரில் மட்டுமல்ல, உலகெங்கும் வைத்தியர்கள் கண்டிருக்கும் உண்மை. நிறுத்தியதைப் பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. கிளினிக்கில் வைத்தியர் "குளிசை போடுகின்றீர்களா?" என்று கேட்டால் தலையசைத்துவிட்டு வந்துவிடுகின்றார்கள். ஏன்? அதன் பக்க விளைவுகளைத் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

ஹப்புத்தளைக் குளிரில் நள்ளிரவு போர்வையை உதறிவிட்டு வியர்வையில் நனைந்து எழுந்து உட்காருகின்றார் ஒரு தாய். அதுதான் உடல் திடீரெனக் கொதிப்பது போன்ற அந்த வெப்பம். இரவில் மூன்று தடவை இப்படி எழுந்தவர், ஸுபஹுக்குப் பின் வீட்டு வேலையில் எப்படி உற்சாகமாக இருப்பார்? லெட்ரசோல் உட்கொள்வோருக்குக் காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுக்கும். அலுவலகத்தில் இருப்பவர் அதனைச் சமாளித்துக்கொள்ளலாம். விரல்களைக் கொண்டே கொழுந்து பறிக்கின்ற பெண் என்ன செய்வார்? நிறை குறைந்தால் அவருக்கு அரைப்பேர்தான் விழும். இவை யாவற்றுக்கும் மேலாக, நித்திரை கொண்டாலும் தீராத ஒரு களைப்பு இருக்கின்றது. ஒரு நாள் உழைத்த களைப்பு ஓய்வெடுத்தால் போய்விடும். இது அப்படிப் போவதில்லை.

இவ்விடத்தில்தான் நாம், குறிப்பாக என்னைப் போன்ற உலமாக்கள், பொறுப்புடன் பேச வேண்டியிருக்கின்றது. "ஸப்ர் செய்யுங்கள்" என்று நாம் கூறுகின்றோம். ஸப்ர் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அப்பெண் விளங்கிக்கொள்கின்றார். பொறுமைக்கு உதாரணமாக நாம் எப்போதும் எடுத்துக்காட்டுகின்ற அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். ஸூரத்துல் அன்பியாவின் 83ஆம் வசனத்தைப் பாருங்கள். அந்த முறையீடு அவர்களது பொறுமையைக் குறைத்ததாக அல்லாஹ் கூறவில்லை. மாறாக, அதற்குப் பதிலளித்ததாகவே கூறுகின்றான். ஆகவே வைத்தியரிடம், "எனக்கு இரவில் வியர்க்கின்றது, விரல் வலிக்கின்றது, எழும்ப முடியவில்லை" என்று சொல்வது பொறுமையின்மை அல்ல. சொன்னால் வழியுண்டு. குளிசை உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாம்; மருந்தை மாற்றித் தரலாம்; வலிக்கு மருந்து தரலாம்; இரத்தச் சோகையோ தைரொயிட் குறைபாடோ இருக்கின்றதா என்று பரிசோதிக்கலாம். சொல்லாமல் நிறுத்திவிட்டால் அந்த வழிகள் யாவும் அடைபட்டுப் போகின்றன.

களைப்பைப் பற்றி ஸஹீஹுல் புகாரியிலே ஒரு சம்பவம் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அது என்னவென்று வினவினார்கள். ஸைனப் (ரழி) அவர்களின் கயிறு என்றும், தொழுகையில் களைத்துப்போகும்போது அவர் அதனைப் பற்றிக்கொள்வார் என்றும் சொல்லப்பட்டது. அதனை அவிழ்த்துவிடுமாறு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். உற்சாகம் இருக்கும் வரை தொழட்டும், களைத்துவிட்டால் உட்கார்ந்துகொள்ளட்டும் என்பதே அன்னாரின் போதனையாக இருந்தது. அது நபிலான தொழுகையைப் பற்றியது என்பதை மறக்கலாகாது. ஆனால் அதில் ஒரு பெரும் கருணை இருக்கின்றது. களைத்த உடம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு இழுக்க வேண்டாம் என்பதே அக்கருணை. நமது வீடுகளில் எத்தனை தாய்மார் இத்தகைய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றார்கள்! விருந்துக்குச் சமைக்க வேண்டும், உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும், யாரும் குறை சொல்லக்கூடாது என்பவையெல்லாம் அந்தக் கயிறுகளே.

பர்ளான தொழுகையைப் பொறுத்தவரை, மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் காட்டித்தந்த வழி யாவரும் அறிந்ததே. நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்து தொழலாம். முழங்கால் மடங்காத தாய்க்கு ஒரு கதிரை வைத்துக் கொடுங்கள். வுழூவுக்குச் சுடுநீர் வைத்துக் கொடுங்கள். மலைநாட்டுக் குளிர்நீரில் விறைத்த விரல்களை நனைத்தால்தான் வுழூ கூடும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. நோன்பைப் பொறுத்தவரை, இக்குளிசைகள் பொதுவாக நாளொன்றுக்கு ஒரு தடவையே உட்கொள்ளப்படுபவையாதலால், ஸஹரிலோ இப்தாரின் பின்னரோ உட்கொண்டு நோன்பு நோற்கப் பலருக்கு முடியும். வைத்தியர் வேண்டாம் என்று சொன்னால், ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு வழங்கியிருக்கும் சலுகையை மனச்சஞ்சலமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் சக்தி கிடைக்கும்போது கழாச் செய்யலாம்.

இன்னொரு விடயம். டமொக்சிபென் உட்கொள்ளும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு மாறலாம், நின்றும் போகலாம். ஹைழா, இஸ்திஹாழாவா என்று எங்களிடம் கேட்கின்றார்கள். கேட்கட்டும், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆலிமாக்கள் மூலமாகவும் கேட்கலாம். ஆனால் மாதவிடாய் முற்றாக நின்று வருடங்களான ஒருவருக்கு மீண்டும் இரத்தம் பட்டால், அதனை பிக்ஹுக் கேள்வியாக மட்டும் எண்ணி மௌலவியிடம் வந்து நின்றுவிடக் கூடாது. அம்மருந்தினால் சிலருக்குக் கர்ப்பப்பையில் பாதிப்பு ஏற்படலாம். உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அதேபோன்று ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஏற்பட்டாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், இரத்தம் கட்டியாகியிருக்கலாம். கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள். அது இலவச சேவையாகும். இளம் மனைவியர் இம்மருந்தை உட்கொள்ளும் காலத்தில் கர்ப்பம் தரிப்பது சிசுவுக்கு ஆபத்தானது. இதனைக் கணவனும் மனைவியும் வைத்தியருடன் கலந்து பேசியே தீர்மானிக்க வேண்டும்.

கருஞ்சீரகத்தையும் தேனையும் பற்றிச் சிலர் கேட்கின்றார்கள். அவற்றின் சிறப்பை மறுப்பவன் நானல்லன். ஆனால் நபியவர்கள் மருத்துவம் செய்துகொள்ளுமாறு பொதுவாகவே ஏவியிருக்கின்றார்கள். குளிசையைத் தூக்கி வீசிவிட்டுக் கசாயம் குடிக்கச் சொல்பவர் ஸுன்னாவைப் பேணவில்லை. ஓர் உயிருடன் விளையாடுகின்றார். எதை உட்கொண்டாலும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும்கூட டமொக்சிபெனின் வேலையைக் குறைத்துவிடக் கூடியவை. ஒரு நாள் குளிசை மறந்துபோனால், மறுநாள் இரண்டாக விழுங்கவும் கூடாது.

களைப்புக்கு என்ன செய்யலாம்? ஆச்சரியமாகத் தோன்றும், ஆனால் உண்மை. நாள் முழுதும் படுத்தே கிடந்தால் இக்களைப்பு கூடும். தினமும் சிறிது தூரம் நடந்தால் குறையும். ஆய்வுகள் இதனை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. நமது ஊர்ப் பாதைகள் மேடும் பள்ளமுமானவை. ஆகவே சமமான இடமாகப் பார்த்து, முதலில் பத்து நிமிடங்கள் போதும். நடப்பது மூட்டு வலிக்கும் நல்லது. எலும்பைத் தேயவைக்கும் லெட்ரசோல் போன்ற மருந்துகளை உட்கொள்வோரின் எலும்புக்கும் நல்லது. கடினமான வேலைகளை உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்திற்கு ஒதுக்கி, மற்றவற்றைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். உடல் கொதிப்பதற்குப் பருத்தி உடை உதவும். சூடான பானமும் உறைப்பும் சிலருக்கு அதனைக் கிளப்பிவிடும். தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு தேநீரைக் குறைக்கச் சொல்வது கடினந்தான், ஆறவைத்தாவது குடிக்கலாமே.

"பிறரிடம் விட்டுவிட வேண்டும்" என்றேன். அந்தப் பிறர் யார்? கணவன்மார்களே, வாலிபச் சகோதரர்களே, நீங்கள்தான். பத்ர் யுத்தத்திற்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரழி) அவர்கள் மதீனாவில் தங்கினார்கள். காரணம், அவர்களது மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரழி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். மனைவியைப் பராமரிக்க நின்ற அவருக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் கனீமத்தில் பங்கும் உண்டென நபியவர்கள் அறிவித்தார்கள். இஸ்லாமிய வரலாற்றின் தலையாய போர்க்களத்தில் நின்றவரோடு, நோயாளி மனைவியின் படுக்கையருகில் நின்றவரும் சேர்க்கப்பட்டார். இதைக் கேட்ட பின்னரும், "அஸருக்குப் பிறகு எந்நாளும் படுத்துக் கிடக்கின்றாள்" என்று முறையிடும் கணவர் இருப்பாராயின், அவருக்கு நான் சொல்ல வேறெதுவுமில்லை. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, வீட்டாருக்குப் பணிவிடை செய்வார்கள் என்றே ஆயிஷா (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள்.

மகன்மாரே! உம்மாவின் கிளினிக் தினத்தை உங்கள் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பஸ்ஸில் அவருடன் செல்லுங்கள். வைத்தியரிடம் சொல்ல வேண்டியவற்றை முதல் நாளிரவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. ஆகையால் குளிசை தீருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே பாருங்கள். ஜமாஅத்தின் ஸகாத் நிதியை நிர்வகிப்போர், ஏழை நோயாளியின் மருந்துச் செலவும் பஸ் கட்டணமும் ஸகாத் பெறுவதற்குரிய தேவைகளே என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். லயத்தில் வாழும் மாற்றுமத அயலவருக்கும் ஸதகாவின் கதவு திறந்தேயிருக்கின்றது.

இதுவரை பரிசோதிக்காத முப்பத்தைந்து வயதைத் தாண்டிய சகோதரிகளுக்காகவும் ஒரு வார்த்தை. 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களினூடாகச் சுகவனிதையர் கிளினிக் நடத்தப்பட்டு வருகின்றது. கட்டணமில்லை. அடுத்த கிளினிக் எந்த நாளில் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.