பழைய படைச் சாமான்: எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது
(முள்ளியவளையில் நடந்த தொழிற்சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தோழியர்களே, மலையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் இருந்து வந்திருக்கும் தோட்டத் தலைவர்மாரே, மாதர் தலைவிமாரே,

1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்ட தோட்டத்துச் சனத்தில் ஒரு பகுதி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். உங்களுக்கு மண்சரிவு என்றால் எங்களுக்கு யுத்தமும் கடலும் வெள்ளமும். 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் தப்பிய சனம் முள்ளியவளைப் பக்கம்தான் ஓடி வந்தது. 2009இல் நாங்களே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். ஒரு குடும்பம் அவசரத்தில் எதைத் தூக்க முடியும், எது வழியில் பாரமாகும் என்பதைப் பட்டுப் படித்திருக்கிறோம்.

2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அதில் மலைநாடு பட்டது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு உங்கள் தோட்டங்களிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. பழைய ஆமிச் சாமான் கடைகளில் கூடாரம், பை, கான், பெட்டி எல்லாம் விற்கிறார்களே, வாங்கி லயத்தில் வைத்தால் ஆபத்துக்கு உதவுமா? அதற்கு எங்களுக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறோம்.

முதலில் தொடக்கூடாததைச் சொல்கிறோம். உங்களில் பலருக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்கள். லீவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். காட்டிலோ வயலிலோ குளக்கட்டிலோ கிடக்கும் படைப் பொருள் எதையும் எடுக்காதீர்கள். வெறும் பெட்டி போலவோ பழைய இரும்பு போலவோ தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை காலக்கெடு இருக்கிறது. அப்படியென்றால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கண்டால் அப்படியே நின்று, வந்த அடியிலேயே திரும்பி நடந்து, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். கிலோவுக்கு நாலு காசு தரும் இரும்பு வியாபாரி, போன கையைத் திருப்பித் தரமாட்டான்.

அடுத்தது, கடையில் இருந்தாலும் வாங்கக் கூடாதவை. பச்சைப் புள்ளி போட்ட படை உடுப்பு வேண்டாம். போட்டுக்கொண்டு திரிந்தால் பொலிஸ் விசாரணைதான் மிஞ்சும். பழைய வாயு முகமூடி வேண்டாம். சில பழைய முகமூடிகளின் வடிகட்டியில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது. அது சுவாசப்பைக்குக் கேடு. எண்ணெய் இருந்த கானில் குடிதண்ணீர் வைக்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது எண்ணெய்க் கான்தான். தோட்டா இருந்த பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் வைக்க வேண்டாம்.

இனி உதவுபவை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறோம்: கம்பளி. மழையில் கொழுந்து எடுக்கப் போன எங்கள் பாட்டிமார் தலையிலிருந்து போட்டுக்கொண்ட அதே கம்பளி. உலகத்துப் படைகள் கம்பளிப் போர்வையை வைத்திருந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: நனைந்தாலும் கம்பளி கொஞ்சம் சூடு தரும், பருத்தி தராது. மலைக் குளிரில் இரவு முழுக்க வெளியே நிற்கும் பிள்ளைக்கும் வயதானவருக்கும் அது உயிர் காக்கும். பழைய படைப் போர்வை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம்.

படைக் கன்வஸ் கூடாரம் உறுதிதான். ஆனால் நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாது. மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் எங்களை மழையிலிருந்து காத்தவற்றில் ஒன்று 4 மீற்றருக்கு 5 மீற்றர் தறப்பாள். ஒரு தறப்பாளும் 20 மீற்றர் நைலோன் கயிறும் இருந்தால் இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு குடும்பம் ஒதுங்கலாம். ஒரு பெண் தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

தண்ணீருக்கு ஜெரிக்கான். 1930களில் ஜெர்மன் படை செய்வித்த 20 லீற்றர் கான் அது. மேலே மூன்று கைபிடி இருப்பதால் நிறைந்த கானை இரண்டு பேர் இரண்டு பக்கத்தில் பிடித்துத் தூக்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. வழுக்கும் படிக்கட்டில், இருட்டில், இடுப்பில் பிள்ளையோடு அது நடக்காது. குடிதண்ணீருக்கென்றே விற்கும் 5 லீற்றர் கான் இரண்டு போதும்.

இறப்பர் வளையம் வைத்த தோட்டாப் பெட்டி தண்ணீர் புகாது. கடையில் வெறுமையாக விற்றால் கடதாசிகள் வைக்க நல்லது. அதற்கு வசதி இல்லாவிட்டால் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி. யுத்தத்தில் எங்கள் சனம் இவற்றைத் தொலைத்துவிட்டுப் பல வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது. பிரதி எடுத்து இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள்.

கையில் காசு இல்லாத வீடு பயப்பட வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சில சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு இரவு முழுக்க விளக்கெரித்தோம். பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். 2009இல் மண்மூட்டை கட்டப் பை இல்லாமல், பெண்கள் கலியாணச் சேலையைத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு வைத்தார்கள். ஆகவே உரப்பையில் மண் நிரப்பி வாசலுக்கு வரும் வெள்ளத்தைத் திருப்ப உங்களுக்கு ஆமிக் கடை தேவையில்லை. ஆனால் ஒன்று: மண்மூட்டை வெள்ளத்தைத்தான் திருப்பும். சரியும் மலையை அது நிறுத்தாது.

மலைக்கு மழைமானிதான் முதல் ஆயுதம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் பையைக் கட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, மரமும் கம்பமும் சாய்வது, இவற்றைக் கண்டால் மானியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறிவிட்டு 117க்குச் சொல்லுங்கள்.

பெரிய சாமான் அரசாங்கத்தின் பொறுப்பு. இரண்டாம் உலகப் போரில் படைகள் ஆறு கடக்க டொனால்ட் பெய்லி என்பவர் வடிவமைத்த பாலம் இருக்கிறது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுவது. டித்வாவுக்குப் பிறகு, 2025 டிசம்பரில், கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் 120 அடி பெய்லிப் பாலத்தை இந்தியப் படைப் பொறியியலாளர்கள் போட்டார்கள். மனம் வைத்தால் இப்படி ஒரு மாதத்துக்குள் பாலம் வரும். தோட்டத்துப் பாதைக்கும் அதே அவசரம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

தோழர்களே, எந்தப் பையும் எந்தப் பெட்டியும் நிலத்துக்கு ஈடாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க 2016 ஆயிற்று. “போ” என்று சொல்கிறவர் “இங்கே வா” என்று ஒரு இடத்தையும் காட்ட வேண்டும். நாம் ஆயத்தமாக இருப்பதைக் காட்டி, தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் தங்கள் கடமையிலிருந்து நழுவ விடக்கூடாது.

ஆகவே ஊருக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் லயத்துக்கு ஒரு பொதுப் பெட்டி என்று தீர்மானியுங்கள். தறப்பாள், கயிறு, டோர்ச், பற்றரி, விசில், மழைமானி, முதலுதவிப் பொருள் அதில் இருக்கட்டும். சாவி யாரிடம், படுக்கையில் இருப்பவரை யார் தூக்குவது, பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளை யார் எடுப்பது என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தரம், இரவில், ஒத்திகை பாருங்கள். இரண்டு, ஆபத்தான லயங்களின் பட்டியலைத் தயாரித்து, பாதுகாப்பான காணியும் வீடும் கேட்டு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கி அதே பெட்டிக்குள் வையுங்கள். சங்கம் அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே பேசப் போகும்.